மூன்றாம் அலசலுக்குப் பிறகு

சென்ற மாதம் நான் வேலை பார்த்த விடுதியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கம்பெனி ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையை ஊரிலுள்ள தர்ம நிலையங்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இப்போது பெரிதாக நடக்கிறதாம். ஓய்வு பெற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதித் தரலாமாம். 'எந்தத் திறனைக் கற்பித்தீர்கள்?', 'எத்தனை பேர் பயனடைந்தார்கள்?' என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் 'துணி துவைத்தல்' என்று எழுதிவிட்டேன். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. ரோசம்மாவை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் அந்த விடுதி. விருந்தினர் அறைகள் தண்ணீருக்கு அக்கரையில், சலவைக்கூடம் இக்கரையில். அழுக்குத் துணி படகில் வரும், வெளுத்த துணி படகில் போகும். நான் ஐ.டி.ஐ.யில் படித்தது வயர்மேன் வேலை. அது கிடைக்காமல் துணிமூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு இஸ்திரி, பிறகு துவைக்கும் இயந்திரம், கடைசிப் பதினொரு வருடம் சலவைக்கூடத்தின் பொறுப்பு. பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய் இருபத்தாறு வருடம். 'பிறத்தியார் துணி துவைக்கவா இத்தனை தூரம் போறே?' என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு கறை எதனால் வந்தது, எதற்குப் போகும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வருவேன்.

அப்படி யோசிக்க வைத்தது எங்கள் மேடம். விடுதியின் அறைகள், துணிகள், சுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. கோட்டயம் பக்கத்துக்காரர், மலையாளம்தான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. துவைத்து வந்த துண்டை எடுத்து முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு தடவை வைப்பார், முகர்ந்து பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். சரியில்லையென்றால் வைக்கமாட்டார், கையிலேயே வைத்திருப்பார். நாங்களாகக் கேட்கவேண்டும்.

நான் இயந்திரத்துக்கு வந்த புதிதில் சாப்பாட்டு மேசைத் துணிகள் சாம்பல் நிறமடிக்கத் தொடங்கின. சோப்பு மட்டம் என்று மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, எழுதியது நான் கண்டதா நினைத்ததா என்று கேட்டார். நினைத்தது என்றேன். காகிதத்தைத் திருப்பித் தந்து, இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒரு முழுச் சுற்று, நாற்பது நிமிடம். துணி மேலே ஏறி, விரிந்து, கீழே விழவேண்டும். அந்த விழுகையில்தான் அழுக்கு போகிறது. எங்கள் துணி விழவே இல்லை. ஒரே உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த நான்தான் அளவுக்கு மீறித் திணித்திருந்தேன். அதையே எழுதிக்கொண்டு போனேன். அவர் வாங்கிப் பார்த்து, "இப்போது சரி" என்றார். சோப்பை நான் குறை சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த தர்மப் பயிற்சி எங்கள் விடுதியில் தொடங்கியதும் மேடத்தால்தான். கம்பெனி வழக்கமாக ஓணத்துக்கு அரிசியும் சேலையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும். அரிசி தீர்ந்துபோகும், நம் ஆட்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்தால் தீராது என்று மேடம் பெரிய மேனேஜரிடம் சொன்னாராம். சமையல்காரர் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அமரவிளைக்கு உள்ளே, பார்த்துக்கொள்ள ஆளில்லாத, படுக்கையில் கிடக்கும் பெண்களுக்கான ஒரு இல்லத்துக்கு என்னை அனுப்பினார்கள். புதன்கிழமைதோறும் சம்பளத்தோடு அங்கே போகவேண்டும்.

பதினெட்டுக் கட்டில்கள் போட்ட நீளமான ஹால். நடத்தியவர் ஓமனாக்கா, முன்பு நர்ஸாக இருந்தவர். துணி துவைப்பது லதா. நாற்பது வயதுக்குள் இருக்கும். கல்லில் அடித்து அடித்து அவள் விரல்முனைகள் வெடித்திருந்தன. படுக்கை விரிப்புகளில் மஞ்சள் ஏறி, மூத்திர வாடை காய்ந்த பிறகும் நின்றது.

விடுதியில் கழித்துவிட்ட ஒரு துவைக்கும் இயந்திரத்தைச் சரிசெய்து கொண்டுபோய்ப் பொருத்தினோம். இரண்டு கேன் மருந்தும் கொடுத்தோம். ஒன்று எண்ணெயையும் மலமூத்திர அழுக்கையும் உடைக்கிற காரமருந்து, மற்றது வெளுக்கும் மருந்து. நான்கு புதன்கிழமைகள் பாடம் நடத்தினேன். துணியைப் பிரிப்பது, முதலில் பச்சைத் தண்ணீரில் ஓட்டுவது, மருந்தின் அளவு, சூடு, மூன்று அலசல், பிழிதல், வெயில். லதா எதையும் எழுதவில்லை, எல்லாம் தலைக்குள் வைத்துக்கொண்டாள். வாடை அடியோடு போயிற்று. ஹாலுக்குள் வந்த ஓமனாக்கா ஒரு விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நானும் அங்கே ஒன்றைக் கண்டேன். லதா அழுக்கு விரிப்புகளைப் பிரிக்கும்போது சும்மா பிரிப்பதில்லை. "மூணாம் கட்டிலு நேத்து தண்ணி குடிக்கல்ல", "ஆறாம் கட்டிலுக்கு மருந்து ஒத்துக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே போடுவாள். ஓமனாக்கா அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். இருபது வருடம் கறை பார்த்தவன் நான். கறை வழியாக ஆளைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது எப்படித் தெரிகிறது என்று அவளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். "பாத்தா தெரியும் சாரே" என்பாள்.

பாடம் முடிந்ததும் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்றாயிற்று. கோடை வந்தது. விடுதியில் வேலையாள் குறைந்து என் வேலையும் கூடி, மூன்று மாதத்துக்கு மேல் போகவே இல்லை. போனபோது பதினோராம் கட்டில் காலியாக இருந்தது.

அது ரோசம்மாவின் கட்டில். பூவார்க் கடற்கரைக்காரர். முப்பது வருடம் தலைச்சுமையாக மீன் விற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பாடம் நடத்திய நாட்களில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "எலே மக்கா, துணி துவைக்கதுக்கும் பரீட்சை உண்டா?" என்று கேட்டவர்.

"எங்க போனாவ?" என்று ஓமனாக்காவிடம் கேட்டேன்.

"பின்னால ஸ்டோர் ரூமுல போட்டிருக்கு, சுகு. முதுகும் தொடையும் பூரா தடிச்சு, ஒரே சொறிச்சல். சொறியா இருக்கலாம், பரவாம பாத்துக்கோங்கண்ணு டாக்டர் சொன்னாரு. களிம்பு மூணு தடவை மாத்தியாச்சு. கொறையல்ல."

பக்கத்துக் கட்டில் கமலாக்ஷியம்மாதான் முதலில் பயந்து, ரோசம்மாவை மாற்றாவிட்டால் தான் சாப்பிடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். மூன்று மாதமாக அந்த அறை. அடுத்து அவரை வேறொரு இல்லத்துக்கு அனுப்பக் கடிதம் போயிருந்தது. ஞாயிறுதோறும் ரோசம்மாவைப் பார்க்க வரும் தங்கை மகளும் தன் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று வருவதை நிறுத்தியிருந்தாள்.

ஓமனாக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அறைக்கு ஒரே ஜன்னல். ரோசம்மா இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"வா மக்கா. தூர நில்லு. எனக்குப் பெரிய நோயாக்கும்" என்றார்.

லதா விரிப்பு மாற்ற வந்தாள். பழைய விரிப்பை உருவியபோது நடுவில் கையகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. "ரெண்டு வாரமா ரத்தம் வருது சாரே" என்று மெதுவாகச் சொன்னாள். வேறொன்றும் சொல்லத் தெரியாமல் நான் விரிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

அது ரத்தம் இல்லை. ரத்தம் காய்ந்தால் ஓரம் கறுக்கும், துணி விறைக்கும். இது ஓரத்தில் இன்னும் வெளிச்சமான சிவப்பு, துணி மெத்தென்று இருந்தது. ரோசம்மாவின் முதுகில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். களிம்பு பலிக்காததால் டாக்டருக்குத் தெரியாமல் மஞ்சள் அரைத்துப் போடுவதாக லதா ஓமனாக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மஞ்சள்ன்னா மஞ்சளால்லா இருக்கணும்" என்றார் ஓமனாக்கா.

அதுதான் எனக்கும் தோன்றியது. ரோசம்மாவின் தோளில் ஒரு பழைய தோர்த்து கிடந்தது. கடற்கரையிலிருந்து கொண்டுவந்த அந்தத் துண்டை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. லதா அதைத் தனியே வாளியில் அலசித் தருவாள், இயந்திரத்துக்குப் போனதே இல்லை. அதே முதுகு, அதே மஞ்சள். தோர்த்தில் கறை மஞ்சளாகவே இருந்தது. விரிப்பில் மட்டும் சிவப்பு.

அடுக்களையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, சிவப்பின் மேல் நான்கு சொட்டுப் பிழிந்தேன். விழுந்த இடமெல்லாம் கண்முன்னாலேயே மஞ்சளாயிற்று.

லதா குனிந்து பார்த்தாள். "இது என்ன சாரே?"

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பிவிடும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, துவைத்த விரிப்பில் காரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. அலமாரியில் துவைத்து மடித்து வைத்திருந்த விரிப்புகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை நனைத்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூவினேன். ஹாலுக்குப் போகும் விரிப்புகளில் லேசான செம்மை. ரோசம்மாவுக்கென்று தனியாக வைத்தவற்றில் குங்குமம் போலச் சிவந்தது. இயந்திரத்தைப் பார்க்காத புது விரிப்பில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

துணியில் காரம் தங்கியிருந்தது. படுத்தே கிடக்கும் உடம்பின் வியர்வையில் அது நனைந்து, இரவும் பகலும் தோலை அரித்திருக்கிறது.

"இவங்களுக்கு மட்டும் என்ன இவ்வளவு?" என்று கேட்டேன்.

லதா அழுதுவிடுவாள் போலிருந்தது. "நோய் பரவாண்டாம்ணு இவிய துணியை ஒத்தைக்குப் போட்டு, ரெண்டு மடங்கு மருந்து விட்டேன் சாரே. கிணறு வத்தினதுக்குப் பொறவு அலசுததும் ஒரு தடவைதான்."

எப்படி நடந்திருக்கும் என்று இப்போது தெளிவாயிற்று. கோடை வியர்வையில் முதலில் கொஞ்சம் தடித்திருக்கிறது. பயந்து தனியே போட்டார்கள். தனியே போட்டதால் கூடுதல் மருந்து. கூடுதல் மருந்தால் கூடுதல் தடிப்பு. நல்லது செய்யச் செய்ய மோசமாகியிருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். பூவாருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆறுதலாக இருந்தது. மூன்று அலசல் என்று நான் சொன்னேன், அவள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள், அளவையும் கூட்டிவிட்டாள். தவறு அங்கேதான் என்று மனதுக்குள் அறிக்கையே எழுதி முடித்துவிட்டேன்.

மேடம் அறையில் அதை அப்படியே சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். இல்லத்தில் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதச் சொன்னார். எழுதினேன். அடுத்த தாளில், இங்கே நம் கூடத்தில் ஒரு விரிப்பு போகிற வழியை எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"மூன்றாம் அலசலுக்குப் பிறகு?" என்று கேட்டார்.

"பிழிவது, மேடம்."

"இங்கேயும்?"

"இங்கேயும்."

அவர் இரண்டு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

பழையபடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் அலசல் முடிந்து தண்ணீர் வடிந்தது. இன்னொரு முறை தண்ணீர் ஏறியது. இயந்திரத்தின் பின்னாலிருந்து, அளந்து இழுக்கும் சின்ன பம்பு 'கிர்' என்று ஐந்தாறு விநாடி ஓடி நின்றது. எழுந்து பின்பக்கம் போனேன். சுவரோரம் ஒரு நீலக் கேன், அதிலிருந்து இயந்திரத்துக்கு ஒரு குழாய். சவர் என்று நாங்கள் சொல்லும் புளிப்பு மருந்து. துணியில் மிஞ்சிய காரத்தை அது முறிக்கும். அந்தக் கேன் காலியானால் மாற்றி வைப்பவன் நான்தான். எத்தனையோ வருடமாக மாற்றியிருக்கிறேன். ஆனால் அதை ஊற்றியது என் கையல்ல, பம்பு. அதனால் அது ஒரு வேலை என்றே என் மனதில் பதியவில்லை. இல்லத்துக்குக் கொடுத்த இயந்திரத்தில் பம்பு இல்லை. நான் சொல்லவும் இல்லை. லதா மூன்று தடவை அலசியிருந்தாலும் செம்மை முழுதும் போயிருக்காது.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் என் இரண்டாம் தாளை எடுத்து, விட்டுப்போன வரியை என்னையே எழுதச் சொன்னார்.

பெரிய மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் அந்த நேரம் அவருக்குச் சங்கடம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் அந்த இல்லத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், நோய் தானே குறையும், கிடப்பவர்களைப் பயப்படுத்துவானேன் என்றார். மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஆ ஸ்த்ரீயோடு பறயண்டே, சார்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டாமா என்று கேட்டதும் மேனேஜர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு மேடம் என் பக்கம் திரும்பி, மறுநாள் புதன்கிழமை இல்லாவிட்டாலும் போகலாம் என்றார்.

போனேன். முதலில் ஓமனாக்காவிடமும் லதாவிடமும் சொன்னேன். லதாவின் தவறில்லை, நான் சொல்லாமல் விட்டது என்றேன். லதா தலையைக் குனிந்துகொண்டாள். ஓமனாக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசம், சுகு. எனக்கு நோயில்ல, நோயில்லேண்ணு அவ அழுது கரைஞ்சா. நான் கேட்டேனா? கதவைச் சாத்தினது நானாக்கும்."

மூவருமாக ரோசம்மாவின் அறைக்குப் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேன், பம்பு, நான் விட்ட வரி. முடித்த பிறகு ரோசம்மா கேட்டார்.

"அப்போ எனக்குச் சொறியில்ல."

"இல்லக்கா. துணியில நின்ன மருந்தாக்கும். டாக்டர்ட்டயும் சொல்லியாச்சு, அவரு நாளைக்கு வந்து பாப்பாரு."

"ஒட்டாது?"

"ஒட்டாது."

ரோசம்மா இடது கையால் விரிப்பைத் தடவினார். "சாளை மீனு கழுவும்போ கை வழுக்கும். புளித்தண்ணி விட்டா வழுக்கு போவும். இதும் அப்பிடியாக்கும், இல்லியா? இந்த விரிப்பு நனைஞ்சா வழுவழுண்ணு இருக்கும். நான் லதாட்ட சொன்னேன். மருந்து மணக்குது, சுத்தமாத்தான் இருக்குண்ணா."

நான் விரிப்பை நனைத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. காரம் நின்றால் துணி வழுக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதன்மேல் கிடப்பவரிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்குதேன் அக்கா" என்றேன்.

"அதை இஞ்ச நிண்ணு கேட்டா எனக்கு மட்டுந்தான் கேக்கும். எனக்கு நோயில்லேண்ணு எனக்குத் தெரியும். ஹால்ல போய்ச் சொல்லு."

ஹாலின் நடுவில் நின்றேன். பதினேழு முகங்கள். விருந்தினர் முன்னால் பேசிப் பழகியவனல்ல நான், இயந்திரத்துக்குப் பின்னால் வாழ்ந்தவன். ரோசம்மாவுக்கு ஒட்டும் நோய் எதுவும் இல்லை, துவைப்பதில் நான் சொல்லிக்கொடுக்காமல் விட்ட ஒரு வேலையால் அவர் தோல் புண்ணாகிவிட்டது, தவறு என்னுடையது என்றேன். பின்வரிசையில் ஒரு அம்மாவுக்குக் காது மந்தம். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். மறுபடியும் உரக்கச் சொன்னேன். மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை சொன்னபோது வெட்கம் போய்விட்டது. கமலாக்ஷியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அன்றே எல்லா விரிப்புகளையும் திரும்ப ஓட்டினோம். விடுதியின் சவர் கேன் ஒன்று கொண்டுவந்திருந்தேன். ஆனால் நாளைக்கு விடுதி நிறுத்திவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று மேடம் கேட்டிருந்தார். ஆகவே அடுக்களை வினிகரைக் கொண்டு லதாவும் நானும் எத்தனை மூடி ஊற்றினால் மஞ்சள் சிவக்காமல் நிற்கிறது என்று ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தோம். எனக்கு அந்தப் பிற்பகல் மறக்காது. ஊற்றுவாள், மூலையை நனைப்பாள், மஞ்சள் தூவுவாள், இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் குனிந்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்போம். அளவு பிடிபட்டதும், தண்ணீர் குறைந்த நாளில் மருந்தைக் குறைக்கவேண்டும் என்பதை நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

தலைமை அலுவலக ஆட்கள் வந்தபோது மேடம் அவர்களிடம் இரண்டு தாளையும் காட்டினார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, யாருக்கும் பொன்னாடை போர்த்தவும் இல்லை. வெளியே பாடம் நடத்தப் போகிறவர்கள் முதலில் ஒரு வாரம் அங்கேயே நின்று அவர்களுடைய வேலையைச் செய்துவிட்டுத்தான் வாய் திறக்கவேண்டும் என்று மேடம் ஒரு விதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ரோசம்மாவின் தோல் ஆற மூன்று வாரம் பிடித்தது. டாக்டர் பார்த்து, ஹாலுக்குக் கொண்டுபோகலாம் என்ற நாள் புதன்கிழமையாக இருந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து கட்டிலை ஓமனாக்காவும் லதாவும் நானும் தள்ளிக்கொண்டு வந்தோம். சக்கரம் ஒன்று முடங்கி, கட்டில் நெடுகச் சத்தம் போட்டது. பதினோராம் இடத்துக்கு வந்ததும், கமலாக்ஷியம்மாவின் கட்டிலுக்கும் இதற்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நிற்க இடம்விட்டு ஓமனாக்கா நிறுத்தினார். எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். ரோசம்மா நேரே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கமலாக்ஷியம்மா கையை நீட்டினார். ரோசம்மாவின் விரிப்பு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கட்டிலை இங்கோட்டு இழுத்துப் போடு மக்கா. அவளுக்கு ராத்திரி தண்ணி எடுத்துக் கொடுக்க நான்லா இருக்கேன்."